கூமுட்டையை வீசுமுன் உடைத்துப் பாருங்கள்: அடைக்கோழி வைப்பவர்களுக்கு

பதினோரு முட்டை வைத்து ஐந்து குஞ்சு இறங்கினால் பழி கோழி மேல்தான் விழும். "இது ஒழுங்கா அவயம் காக்காது" (அவயம் என்றால் அடை) என்று ஒரு பேச்சு, அடுத்த ஞாயிறு குழம்பு. ஆனால் பொரிக்காமல் போகும் முட்டைகளில், அதாவது கூமுட்டைகளில் பல, கோழியின் வயிற்றுக்கடியில் போவதற்கு முன்பே கெட்டுப்போனவை. எந்த முட்டை எந்த வாரத்தில் நின்றது என்று பார்த்தால் தப்பு நம்மிடமா, சேவலிடமா, கோழியிடமா என்று தெரிந்துவிடும். அதைப் பார்க்கத்தான் யாரும் நிற்பதில்லை. நாற்றத்துக்குப் பயந்து வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்துவிடுகிறோம்.

இங்கே சொல்வது பொள்ளாச்சி, ஆனைமலை, கோபாலபுரம் தொடங்கி கேரள எல்லை தாண்டிக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வரையுள்ள தோப்பு வீடுகளுக்கு அப்படியே பொருந்தும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று படாத ஊர்க்காரர்கள் காற்றுக் கணக்கை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

எந்தக் கோழியை நம்பலாம்

நாட்டுக்கோழியில் சின்ன ரகமான சிறுவிடைக்கு மிஞ்சிய அவயக்கோழி இல்லை. உடம்பு 1.2 முதல் 1.5 கிலோ, கால் லேசு, 9 முதல் 11 முட்டை வரை மூடும். பெரிய உடம்புள்ள பெருவிடையும், சண்டைக்கோழி ரகமான அசீலும் பிடிவாதமாக உட்காரும், 13 கூடத் தாங்கும். ஆனால் எழுந்து உட்காரும்போது மிதித்து உடைப்பது அதிகம். வனராஜா, கிரிராஜா, கிராமஸ்ரீ மாதிரி ரகங்கள் முட்டைக்கும் கறிக்கும்தான்; அவை அடை படுப்பது அபூர்வம். அந்த முட்டைகளைச் சிறுவிடைக்குக் கீழே வைத்துப் பொரிக்கலாம், கோழி வித்தியாசம் பார்க்காது. கடையில் வாங்கும் வெள்ளை முட்டையை மட்டும் வைத்துவிடாதீர்கள். அந்தப் பண்ணைகளில் சேவலே இல்லை.

அடைக்கு வந்த கோழி கூட்டை விட்டு இறங்காது, கைகொண்டு போனால் இறகைச் சிலிர்த்து உறுமும், நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிப் போடும், கொண்டை வெளுக்கும். நாளுக்கு ஒரு தரம் இறங்கிப் பெரிதாக, கடும் நாற்றத்தோடு எச்சமிடும். எல்லைக்கு அந்தப் பக்கம் இதையே பொருன்னக்கோழி என்பார்கள். அடையாளம் தெரிந்த அன்றே முட்டையை வைத்துவிட வேண்டாம். முட்டை அளவுக் கூழாங்கல் மூன்றை வைத்து, நீங்கள் நினைத்திருக்கும் இடத்துக்கு இரவில் மாற்றி, இரண்டு மூன்று இரவு விடுங்கள். மூன்றாம் நாள் காலையிலும் கல்லை விட்டு எழவில்லை என்றால் நம்பலாம். கல்லுக்குப் பொறுமை இல்லாத கோழி முட்டைக்கும் இருக்காது.

இந்த மூன்று நாளில் பேன் வேலையையும் முடித்துவிடுங்கள். இறக்கைக்கு அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் இறகை விலக்கிப் பாருங்கள். பேனோ செள்ளோ ஓடினால், அடுப்புச் சாம்பலும் மணலும் சரிபாதி கலந்து ஒரு சட்டியில் வைத்து, காய்ந்த வேப்பிலையைக் கசக்கிப் போட்டுப் புரளவிடுங்கள். 21 நாள் அசையாமல் கிடக்கும் உடம்பில் பேன் பெருகும். நடுவில் கோழி கூட்டை விட்டு ஓடுவதற்கு முக்கியக் காரணம் அதுதான். முட்டை வைத்தபிறகு மருந்துத் தூள் போடுவது முட்டைக்கும் ஆகாது, பிறக்கும் குஞ்சுக்கும் ஆகாது.

முட்டையின் வயது

சிறுவிடை 12 முதல் 15 முட்டை இட்டபிறகுதான் அடை படுக்கும். அதுவும் தினம் இடாது; இரண்டு நாள் இட்டு ஒரு நாள் விடும். ஆக 15 முட்டை சேர 20 நாளுக்கு மேல் ஆகிவிடும். கோழி அடை படுத்த அன்று முதல் முட்டைக்கு வயது மூன்று வாரம். "அதது முட்டையை அதது பொரிக்கட்டும்" என்று பதினைந்தையும் வைக்கிறோம், ஆறோ ஏழோ கூமுட்டை. ஏழு நாள் வரை முட்டைக்குப் பெரிய சேதமில்லை. அதன்பிறகு நாளாக நாளாக பொரிக்கும் சக்தி இறங்கும், இரண்டு வாரம் தாண்டியதை நம்பி இடம் கொடுக்க வேண்டியதில்லை. முதலில் இட்டதைச் சமையலுக்கு எடுங்கள். கடைசி ஏழு நாளில் இட்டதையும், மற்றக் கோழிகளின் புது முட்டையையும் சேர்த்து வையுங்கள்.

வயது பாதி என்றால் சூடு பாதி. முட்டைக்குள் இருக்கும் கரு சுமார் 20 டிகிரிக்குக் கீழே தூங்கும், 37.5 டிகிரியில் ஒழுங்காக வளரும். நடுவில் இருக்கும் சூடுதான் ஆபத்து. பங்குனி சித்திரையில் ஓட்டு வீட்டு அடுப்படியில் 35 டிகிரி இருக்கும். அங்கே கூடையில் கிடக்கும் முட்டையில் கரு முழுக்கத் தூங்காது, முழுக்க வளராது. அரைத்தூக்கத்திலேயே சோர்ந்து செத்துப்போகும். பிறகு எந்தக் கோழி வந்து உட்கார்ந்தாலும் அது எழும்பாது. 15 முதல் 18 டிகிரி இருந்தால் உத்தமம். இந்தப் பக்கம் ஏசி இல்லாமல் அது கிடைக்காது. மண்பானையில் ராகியோ நெல்லோ போட்டு, கூர்முனை கீழே இருக்கும்படி முட்டையைச் செருகி, வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். வெயில் மாதத்தில் பானைக்கு வெளியே ஈரச்சாக்கைச் சுற்றலாம். முட்டையில் ஈரம் படக்கூடாது. அப்படி வைத்தாலும் சித்திரையில் நான்கு நாளுக்கு மேல் சேர்க்காதீர்கள். ஃபிரிட்ஜில் இருந்த முட்டை வேண்டாம், அது அளவுக்கு மீறிய குளிர்.

முட்டையைத் தினமும் எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் அடுத்து இட வரும் கோழி ஒவ்வொன்றும் அரை மணி உட்கார்ந்து பழைய முட்டையைச் சூடாக்கிவிட்டுப் போகும். பென்சிலால் குறியிட்ட ஒரு முட்டையை மட்டும் விட்டு வையுங்கள், கோழி இடம் மாற்றாது. எடுத்ததில் தேதி எழுதுவதும் பென்சிலால்தான். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, ஸ்கெட்ச் மை அதில் இறங்கும்.

அதே துளைகளுக்காகத்தான் முட்டையைக் கழுவக்கூடாது என்பது. இட்ட முட்டை மேல் ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். தண்ணீர் பட்டால் அது போய், கிருமிக்கு வாசல் திறந்துவிடும். அழுக்கு லேசாக ஒட்டியிருந்தால் காய்ந்த தேங்காய் நாரால் தேய்த்துவிடுங்கள். நிறைய ஒட்டியிருந்தால் ஆம்லெட். மிக நீளமானது, பந்து போல் உருண்டையானது, இரட்டைக்கரு, ஓடு சொரசொரப்பானது எல்லாம் விலக்குங்கள். இரண்டு முட்டையை மெல்லத் தட்டிப் பார்த்தால் நல்லதில் கணீரென்று வரும், கீறல் விட்டதில் சத்தம் மங்கும். அந்தக் கீறல் கண்ணுக்குத் தெரியாது.

சேவலைப் பற்றி இரண்டே விஷயம். 8 முதல் 10 கோழிக்கு ஒன்று. புதுச் சேவல் விட்டால் இரண்டு வாரம் கழித்து முட்டை சேருங்கள். பழைய சேவலை விற்றபிறகும் இரண்டு மூன்று வாரம் அதன் குஞ்சே வரும், கோழி உடம்பில் விந்து அத்தனை நாள் தங்கும். ஒரே அடையில் பிறந்த சேவலையும் கோழியையும் தலைமுறை தலைமுறையாக விட்டுக்கொண்டே போனால் பொரிப்பு குறையும். பக்கத்து ஊர்ச் சேவலோடு மாற்றிக்கொள்ளலாம், காசு கூட வேண்டாம்.

எல்லை தாண்டித் தலச்சேரிக் கோழி முட்டையோ வேறு நல்ல ரகமோ வாங்கி வருபவர்கள் உமி நிறைத்த டப்பாவில் கூர்முனை கீழே வைத்துக் கொண்டுவரவும். பைக்கில் குலுங்கி வந்த முட்டையை வந்த இரவே வைக்க வேண்டாம். 12 முதல் 24 மணி நேரம் அதே நிலையில் அசையாமல் நின்றால்தான் உள்ளே கலங்கிய காற்றறை (அகன்ற முனையில் இருக்கும் காற்றுப் பை) அடங்கும். பறவைக் காய்ச்சல் சமயத்தில் சோதனைச்சாவடியில் கோழியும் முட்டையும் போக விடமாட்டார்கள். 2014 நவம்பரில் குட்டநாட்டு வாத்துகளுக்கு வந்தபோது அப்படித்தான் நிறுத்தினார்கள். அந்த நாட்களில் மறைத்துக் கொண்டுவருவது உங்கள் கூட்டுக்கே கொள்ளி.

கூடு

35 முதல் 40 சென்டிமீட்டர் அகலம், 12 முதல் 15 சென்டிமீட்டர் ஆழமுள்ள மூங்கில் கூடை போதும். பழைய பழப்பெட்டியும் ஆகும். அடியில் 5 சென்டிமீட்டர் மணலோ சலித்த செம்மண்ணோ கொட்டி, நடுவில் கையால் லேசாகக் குழியுங்கள். குழி ஆழமானால் முட்டை ஒன்றன்மேல் ஒன்று ஏறி உடையும். தட்டையாக விட்டால் உருண்டு ஓரத்தில் குளிரும். தட்டில் தோசைமாவை விட்டால் நடுவில் தேங்கும் அளவு பள்ளம், அவ்வளவுதான். மேலே கசக்கி மெதுவாக்கிய வைக்கோலை இரண்டு விரல் தடிமனுக்குப் பரப்புங்கள். தோப்பில் தேங்காய் நார் சும்மா கிடக்கிறதே என்று அதைப் போடாதீர்கள், குஞ்சின் காலில் சுற்றிக்கொள்ளும். காய்ந்த வேப்பிலை, நொச்சி இரண்டு பிடி தூவலாம்.

இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று கூடையில் இரும்புத்துண்டு, கரி, மிளகாய் வற்றல் போடும் வழக்கம் உண்டு. போட்டால் நட்டமில்லை, மாமியார் மனம் குளிரும். ஆனால் இடியோடு மழை பெய்யும் இரவில் கூரை ஒழுகிக் கூடை நனைந்து, மிரண்ட கோழி எழுந்து போய் முட்டை குளிர்வதை எந்த இரும்பும் தடுக்காது. முதலில் கூரையைச் சரிசெய்யுங்கள். ஒற்றைப்படையில் வைக்க வேண்டும் என்பதும் அப்படித்தான். 10 வைத்தாலும் கோழி எண்ணிப் பார்க்கப்போவதில்லை.

இடம் இருட்டாக, ஆள் நடமாட்டம் இல்லாமல் இருக்க வேண்டும். தகரக் கொட்டகை வேண்டாம், தென்னங்கீற்று வேய்ந்த இடம் நல்லது. ஆனி ஆடியில் காற்று மேற்கிலிருந்து கணவாய் வழியாக அடிக்கும், மார்கழி தையில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசும். அந்தந்தப் பக்கம் சாக்கோ கீற்றோ கட்டிவிடுங்கள். நேராகக் காற்று விழும் கூட்டில் வெளிவட்ட முட்டைகள் குளிரும். அதனால் ஆடியில் இரண்டு முட்டை குறைத்து வைப்பது புத்திசாலித்தனம்.

எறும்பை மறந்துவிடாதீர்கள். குஞ்சு ஓட்டில் முதல் துளை போட்டவுடன் அந்த ஈரத்துக்கு எறும்பு ஏறிவிடும், வெளியே வரும் முன்பே குஞ்சைக் கடித்துக் கொன்றுவிடும். கூடையை நான்கு செங்கல் மேல் தூக்கி, ஒவ்வொரு செங்கலையும் தண்ணீர்த் தட்டில் நிறுத்துங்கள். பாம்புக்கும் எலிக்கும் அரை அங்குல வலைக்கதவு. ஒரு அங்குல வலை வழியாகச் சின்னப் பாம்பு நுழைந்து, முட்டையை விழுங்கியபின் வெளியேற முடியாமல் உள்ளேயே கிடக்கும். காலையில் கையை விடும்போதுதான் தெரியும்.

வைக்கும் இரவும் அடுத்த மூன்று வாரமும்

இருட்டியபிறகு, எல்லா முட்டையையும் ஒரே தடவையில் வையுங்கள். இன்று ஐந்து, நாளைக்கு நாலு என்று வைத்தால் பொரிப்பதும் முன்பின்னாக ஆகும். முதல் குஞ்சுகளோடு கோழி இறங்கிப் போய்விடும், மிச்சம் உயிரோடு குளிர்ந்து சாகும். வெள்ளி இரவு வைத்தால் மூன்றாவது வெள்ளியன்று 21 நாள். வாத்து முட்டைக்கு 28 நாள், மணிலா வாத்துக்கு 35 நாள். கோழிக்குக் கீழே வாத்து முட்டை ஐந்தாறுக்கு மேல் வேண்டாம், கோழி முட்டையோடு கலக்கவும் வேண்டாம்.

கோழி நாளுக்கு ஒரு தரம் 15, 20 நிமிடம் இறங்கித் தின்று, குடித்து, எச்சமிட்டுத் திரும்பும். அரை மணி ஆனாலும் பதற வேண்டாம். இரண்டு நாளாக இறங்கவே இல்லை என்றால் நீங்கள் இறக்குங்கள். சட்டென்று தூக்காதீர்கள்: முதலில் இரண்டு இறக்கைக்கும் அடியில் விரலை ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு முட்டை அங்கே இடுக்கியிருக்கும். தூக்கியவுடன் அது மற்றதன்மேல் விழுந்து இரண்டும் உடையும். தீனி முழுத்தானியம்: கம்பு, சோளம், உடைத்த மக்காச்சோளம், ஒரு கைப்பிடி நிறைய. ஈரமான தவிடும் பழைய சோறும் கொடுத்தால் எச்சம் இளகிக் கூடு நாறும். கோழி இறங்கியிருக்கும் அந்தக் கால் மணியில் குறியில்லாத முட்டை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். வேறொரு கோழி உள்ளே இட்டுவிட்டுப் போயிருக்கும், எடுத்துவிடுங்கள்.

நடுவில் ஒரு முட்டை உடைந்தால் அன்றே வைக்கோலை மாற்ற வேண்டும். மஞ்சள் கரு பூசிய மற்ற முட்டைகளை வெதுவெதுப்பான தண்ணீரில் பிழிந்த துணியால் ஒற்றியெடுங்கள். பச்சைத்தண்ணீர் கூடாது: குளிர்ந்தால் முட்டைக்குள் இருப்பது சுருங்கும், வெளியிலுள்ள கிருமியைத் துளை வழியாக உள்ளே இழுக்கும்.

கோழி இரவெல்லாம் வெளியே தங்கிவிட்டது, காலையில் முட்டை சில்லென்று இருக்கிறது என்றால் எல்லாம் போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். நம் ஊர் இரவுச் சூட்டில், குறிப்பாக முதல் இரண்டு வாரத்துக்குள், பல கருக்கள் தாங்கிவிடும். திரும்ப உட்கார வைத்து நான்கு நாள் கழித்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு நாள் தள்ளிப் பொரிக்கலாம், அவ்வளவுதான்.

வெளிச்சத்தில் பார்ப்பது

7ஆம் நாள் இரவு ஒரு தரம், 14ஆம் நாள் ஒரு தரம். 18க்குப் பிறகு தொடவே கூடாது. செல்போன் டார்ச் போதும். கருப்பு அட்டையில் ஐந்து ரூபாய்க் காசு அளவு ஓட்டை போட்டு, அதில் முட்டையின் அகன்ற முனையை வைத்துக் கீழிருந்து வெளிச்சம் விடுங்கள். விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

நல்ல முட்டை 7ஆம் நாள் செக்கச்சிவந்து தெரியும். நடுவில் மிளகளவு கரும்புள்ளி, அது கண். அதிலிருந்து சிலந்தி கால் விரித்ததுபோல் நரம்புகள். பத்து நொடி அசையாமல் பிடித்தால் அந்தப் புள்ளி நீந்துவது தெரியும். வெறும் மஞ்சள் நிழல் மட்டும் மிதந்து மற்றதெல்லாம் கண்ணாடி மாதிரி இருந்தால் கருவே கூடவில்லை. நரம்பு எதுவுமில்லாமல் உள்சுவரில் சிவப்பு நூலால் வளையம் போட்டதுபோல் இருந்தால் கரு கூடி, முதல் நாலைந்து நாளில் செத்தது. இந்த இரண்டையும் எடுத்துவிடலாம். சந்தேகமான முட்டை மேல் கேள்விக்குறி போட்டுத் திரும்ப வையுங்கள், 14ஆம் நாள் தீர்ப்பு சொல்லலாம். அன்றைக்கு நல்ல முட்டையில் காற்றறை மட்டும் வெளிச்சமாகவும் மற்றது பெரும்பாலும் இருட்டாகவும், எல்லைக் கோட்டில் நரம்போடும் இருக்கும். நரம்பில்லாமல் கலங்கிய குழம்பு குலுங்கினால் அது கூமுட்டை.

எடுத்த வெளிச்ச முட்டை (கருக்கூடாதது) வீணில்லை. ஏழு நாள் சூட்டில் இருந்ததை மனிதர் தின்ன வேண்டாம், விற்கவும் வேண்டாம். நன்றாக வேகவைத்து ஓட்டோடு நொறுக்கி மற்றக் கோழிகளுக்குப் போடலாம். பச்சையாகப் போட்டால் கோழி முட்டை தின்னப் பழகிவிடும், நாயும் அப்படியே.

கிருமி புகுந்த முட்டையில் வாயு சேரும். ஓட்டில் சாம்பல் நிறத் திட்டு, வியர்த்ததுபோல் சிறு துளிகள், மூக்கருகே கொண்டுபோனால் ஒரு கெட்ட வீச்சம்: மூன்றில் ஒன்று இருந்தாலும் அது வெடிக்கத் தயாராக இருக்கிறது. குலுக்கிப் பார்க்காதீர்கள். கரண்டியால் எடுத்துத் தேங்காய்த்தொட்டியில் வைத்து வெளியே கொண்டுபோங்கள். கூட்டுக்குள் வெடித்தால் மற்றப் பத்து முட்டையும் அந்தக் கிருமியில் குளிக்கும்.

பொரிக்கும் நேரம்

18ஆம் நாள் கோழி இறங்கியிருக்கையில், கூடை ஓரமாக வைக்கோலுக்கு அடியில் இருக்கும் மணலில் அரை டம்ளர் தண்ணீர் விடுங்கள், முட்டையில் படாமல். தை, மாசி, பங்குனியில் கிழக்குக் காற்று உலர்த்தி எடுக்கும்போது இது அவசியம். ஆடிச் சாரலில் தேவையே இல்லை. 19, 20ஆம் நாள் குஞ்சு அலகால் காற்றறையைக் குத்தி முதல் மூச்சு விடும், பிறகு ஓட்டில் துளை விழும். துளை விழுந்து முழுக்க வெளியே வர 12 முதல் 24 மணி நேரம் ஆகும். நடுவில் அது சும்மா கிடப்பதாகத் தெரியும். அந்த நேரத்தில்தான் மஞ்சள் கருவையும் ரத்தத்தையும் உடம்புக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. அவசரப்பட்டு உரித்தால் ரத்தம் கொட்டிச் சாகும். ஒரு நாள் முழுதும் போயும் துளை பெரிதாகவில்லை, உள்தோல் காய்ந்து பழுப்பாகிவிட்டது என்றால் மட்டும், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் தோலை ஈரமாக்கி, துளையைச் சுற்றி ஓட்டைக் கொஞ்சம் பெரிதாக்கிவிடுங்கள். ரத்தம் துளிர்த்தால் அந்த நொடியே நிறுத்திக் கோழிக்குக் கீழே திருப்பி வையுங்கள்.

முதல் குஞ்சு வந்து இரண்டு நாள் வரை அதற்குத் தீனி வேண்டாம், உள்ளே போன மஞ்சள் கரு தாங்கும். எனவே குஞ்சுக்குப் பசிக்கிறதென்று கோழியைக் கிளப்பாதீர்கள். கோழி தானாக இறங்கியபின் மிஞ்சிய முட்டையைக் காதில் வைத்துக் கேளுங்கள். தட்டும் சத்தமோ கீச்சென்ற குரலோ வந்தால் 40 வாட் குண்டு பல்பு போட்ட அட்டைப்பெட்டியில் துணி மேல் வைத்து ஒரு நாள் பொறுக்கலாம். சத்தமில்லாததைச் சோதிக்க ஒரு தண்ணீர் முறை உண்டு: 38 டிகிரிச் சூட்டுத் தண்ணீரில் விட்டால் உயிருள்ள முட்டை அலை அடங்கியபின்னும் தானாக அசையும். துளை விழுந்த முட்டையை இதில் விட்டால் குஞ்சு மூழ்கிவிடும். 22ஆம் நாளுக்கு முன் இந்தச் சோதனையே வேண்டாம். 23 முடிந்தால் முடிந்தது.

உடைத்துப் பார்ப்பது

தோட்டத்து ஓரம், காற்று உங்கள் முதுகிலிருந்து வீசும்படி உட்காருங்கள். கையில் பாலிதீன் பை, பக்கத்தில் ஒரு பழைய தட்டு. முட்டையை அகன்ற முனை மேலே இருக்கும்படி பிடித்துக் கரண்டிக் காம்பால் மெல்லத் தட்டி, ஓட்டை மூடிபோல் எடுங்கள். கீழே வெள்ளைத் தோல், அதையும் கிழித்தால் உள்ளே இருப்பது தெரியும்.

வெறும் மஞ்சளும் வெள்ளையுமாக இருப்பது கருக்கூடாதது அல்லது முதல் நாளிலேயே நின்றது. பாதிக்கு மேல் இப்படி என்றால் சேவலைக் கவனியுங்கள்: வயது, கொழுப்பு, கால் புண், கோழி எண்ணிக்கை. தேதி எழுதிய முட்டைகளில் பழையவை மட்டும் இப்படி என்றால் சேவல் மேல் குற்றமில்லை, சேர்த்து வைத்தவர் மேல்.

ரத்த வளையம், அல்லது நகம் அளவுக் கரு. வைக்கும் முன் பட்ட சூடு, வயதான முட்டை, குலுக்கல் ஆகியவற்றை முதலில் சந்தேகப்படுங்கள். கோடையில் மிக அதிகம் காண்பது இதுதான்.

இறகு முளைக்கத் தொடங்கி நடுவில் நின்ற குஞ்சு. இரண்டாம் வாரச் சாவு குறைவாகத்தான் இருக்கும். நிறைய இருந்தால் முட்டையிட்ட கோழியின் தீனி சரியில்லை. அரிசியும் சோளமும் மட்டும் தின்ற கோழியின் முட்டையில் வைட்டமின் போதாது. கட்டை கட்டையாகச் சுருண்ட இறகு ரைபோஃபிளேவின் (வைட்டமின் பி2) குறைவுக்கு அடையாளம். கீரை, அசோலா (தண்ணீரில் வளரும் தீவனச்செடி), கரையான், மீன்கழிவு ஏதாவது ஒன்று வேண்டும். பச்சையும் கருப்புமாக நாறும் குழம்பு என்றால் கிருமி: அழுக்கு முட்டை, கழுவிய முட்டை, கீறல் முட்டை.

முழுக்க வளர்ந்து துளை போடாமல் செத்தது. இதை மட்டும் நின்று பாருங்கள். குஞ்சு ஊதி, சளசளவென்று நீர் கோத்து, காற்றறை சிறுத்திருந்தால் ஈரம் அதிகம். முட்டை தன் எடையில் 12 சதவீதம்போல நீரை இழந்திருக்க வேண்டும், இழக்கவில்லை. தோல் காகிதம்போல் காய்ந்து குஞ்சோடு ஒட்டியிருந்தால் வறட்சி. தலை கூர்முனைப் பக்கம் இருந்தால் கருவே தலைகீழாக அமைந்தது. மஞ்சள் கரு வயிற்றுக்கு வெளியே தொங்கினால் சூடு ஏறி இறங்கியிருக்கிறது. தகரத்தின் கீழே கொதித்ததா, கோழி பேனுக்கு எழுந்து எழுந்து போனதா என்று யோசியுங்கள். எல்லா முட்டையும் கடைசி மூன்று நாளில் ஒரேயடியாக நின்றிருந்தால் ஏதோ ஓர் இரவில் கோழி கூட்டில் இல்லை. நாய், பாம்பு, கல்யாண வீட்டு வெடி, எதுவும் காரணமாக இருக்கலாம்.

பார்த்ததை நாட்காட்டித் தாளிலேயே எழுதி வையுங்கள்: 11 வைத்தது, 7 பொரித்தது, 2 வெளிச்சம், 1 வளையம், 1 ஓட்டுக்குள். இரண்டு மூன்று அடையில் எந்த எண் ஏறுகிறது என்பது தெரிந்துவிடும். 11க்கு 9 வந்தால் அது நல்ல அடை, பதினொன்றும் வரவேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். உடைத்ததையெல்லாம் இரண்டடி ஆழக் குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவி மூடுங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சும்மா எறிந்தால் நாயும் கீரியும் உங்கள் கூட்டுக்கு வழி கற்றுக்கொள்ளும்.

ஒன்றுமே பொரிக்காத கோழி

அது 21 நாளோடு எழுந்துவிடாது. விட்டால் நாலைந்து வாரம் கூமுட்டை மேல் கிடந்து எலும்பும் தோலுமாகும். திரும்பப் புது முட்டை வைத்து இன்னொரு 21 நாள் உட்கார வைப்பது கொடுமை. நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்தால் கத்திபோல் இருக்கும். அதற்குக் குஞ்சு கொடுப்பதே நல்லது. வேறு கோழி பொரித்த, இரண்டு நாளுக்கு மேல் வயதாகாத குஞ்சுகளை இருட்டியபிறகு ஒவ்வொன்றாக வயிற்றுக்கடியில் நுழைத்து, அதே கையால் கூமுட்டையை வெளியே எடுங்கள். பொரிப்பகக் குஞ்சும் ஆகும். அதிகாலையில் போய்ப் பாருங்கள்: கொக்கொக்கென்று தாழ்ந்த குரலில் கூப்பிட்டால் ஏற்றுக்கொண்டது, கொத்தினால் உடனே எடுத்துவிடுங்கள். அப்படி வாங்கும் குஞ்சுக்கு 5 முதல் 7ஆம் நாளுக்குள் லசோட்டா சொட்டு மருந்து போடுவதைத் தவறவிடக்கூடாது, வெள்ளைக்கழிச்சல் வந்தால் மொத்தமும் போகும்.

குஞ்சு கிடைக்கவில்லை என்றால் அடையைத் தெளிய வைக்க வேண்டும். வாளித் தண்ணீரில் முக்குவது, மூக்கில் இறகைக் குத்துவது எல்லாம் இன்னும் நடக்கிறது. இறகு குத்திய மூக்கு சீழ்பிடிக்கும், தண்ணீரில் முக்கின கோழிக்குச் சளி பிடிக்கும். வயிற்றுச் சூட்டைக் குறைத்தால் போதும். அடியில் கம்பிவலை போட்ட கூண்டை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து, வைக்கோல் எதுவும் போடாமல், வெளிச்சமும் காற்றும் படும் இடத்தில் கோழியை விடுங்கள். தீனியும் தண்ணீரும் தாராளமாக இருக்கட்டும். மூன்று முதல் ஐந்து நாளில் உறுமல் நிற்கும். வெளியே விட்டவுடன் பழைய மூலையைத் தேடி ஓடினால் இன்னும் இரண்டு நாள் கூண்டு. அந்தக் கூடையையும் வைக்கோலையும் அதற்குள் எடுத்துவிட்டிருக்க வேண்டும். வைக்கோலை எரித்துவிடுங்கள், கூடையைச் சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கி இரண்டு நாள் வெயிலில் காய வையுங்கள்.